குழாய் நின்ற இடம்

கவுண்டரம்மா மூன்றாவது பஜ்ஜியைக் கையில் எடுத்தபோதுதான் நான் அவர்களைப் பார்த்தேன்.

தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். துவைத்து மடித்த உடுப்பு. பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டிருந்தார்கள். கையில் செவ்வந்திப் பூ, பழைய காகிதத்தில் சுற்றிய மெழுகுவத்தி. முன்னால் வந்தவர் ஒரு சின்ன மரச்சிலுவையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

அவர்கள் வந்தது எங்கள் புல்தரையை நோக்கி. அங்கேதான் எங்கள் விருந்தாளிகள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த பங்களாவுக்கு வந்த முதல் கூட்டம்.

என் அக்காவின் கணவர் காதர் மச்சான் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சாகுலு, இவங்க எதுக்கு இங்க வர்றாங்க?"

தெரியாது என்று தலையாட்டினேன். அது உண்மைதான். ஆனால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துபோயிற்று.

தகரக்கூரை பங்களா

மச்சானின் பாலக்காட்டு ஜவுளிக்கடையில் நேராகத் துணி கிழிக்கத் தெரியாமல் நான் வாங்கிய திட்டுகளைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்தத் திட்டுகளின் பலனாகத்தான் மச்சான் என்னை மலைக்கு அனுப்பினார். கடைக்கு உதவாதவன் பங்களாவுக்காவது உதவட்டும் என்று நினைத்திருப்பார்.

சூரியநெல்லியைத் தாண்டி நாலைந்து மைல். வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன தகரக்கூரை வீடு, நாலு அறை. ஏலக்காய் வாங்க வந்த மச்சான் அதைப் பார்த்தார். குளிர் காலத்திலும் கோடை லீவிலும் கீழ்நாட்டு மக்கள் வந்து தங்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. குத்தகைக்கு எடுத்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. பாலக்காட்டுச் சித்தூர், பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இருந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்றே. வாயைத் திறந்து குளிரில் மூச்சைப் புகையாக விடுவார்கள். சுருட்டு குடிப்பதுபோல் பாவனை செய்வார்கள். எத்தனை பெரிய மனுஷராக இருந்தாலும் சரி, இதைச் செய்யாமல் ஒருவரும் மலையிறங்கியதில்லை.

பங்களாவுக்குக் கிழக்கே நூறடியில் எஸ்டேட் லயன். தொழிலாளர் வீடுகளை அங்கே லயன் என்பார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய ஒரே நீளக் கட்டடம், வீட்டுக்கு ஒரு கதவு. அதன் ஒரு கோடியில் தண்ணீர்க் குழாய். திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்த வேதக்காரக் குடும்பங்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அதிகம். காலையில் குழாயடியில் குடம் மோதுகிற சத்தம் பங்களாவுக்குக் கேட்கும். விருந்தாளிகள் தூக்கம் கெடுகிறது என்று நான் ஒருதரம் போய்ச் சத்தம் போட்டிருக்கிறேன். பதில் சொன்னவள் மரியபுஷ்பம் என்கிற கொழுந்தெடுக்கும் பெண்.

"குடத்துக்கு வாய கட்டவா முடியும், சின்ன ராவுத்தரே? ஒங்க ஆளுகளுக்குக் காதைக் கட்டுங்க."

பக்கத்தில் நின்ற அவள் மகள் ரோசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும்.

பகல் பத்து மணி

ஒரு ஆடி மாதம். பன்னிரண்டு நாளாக விடாத மழை. பங்களாவில் நான் மட்டும்தான். பகல் பத்து மணி இருக்கும், கூரைமேல் யாரோ வண்டி வண்டியாக ஜல்லி கொட்டுவதுபோல் ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தேன். லயனுக்கு மேலே இருந்த சரிவு அங்கே இல்லை. லயனும் இல்லை. குழாயின் மேல் முனை மட்டும் சேற்றுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

பெரும்பாலானவர்கள் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் கிழவர்களும் குழந்தைகளும் காய்ச்சல்காரர்களும்தான். ரோசம்மாவுக்குக் காய்ச்சல்.

நானும் தோண்டினேன். இரண்டு நாள் தோண்டினோம். மரியபுஷ்பம் மண்வெட்டி வாங்க மறுத்துவிட்டாள். மண்வெட்டி மகள்மேல் பட்டுவிடும் என்று கையாலேயே வாரினாள். மூன்றாம் நாள் மறுபடியும் மேலே மண் அசைய ஆரம்பித்தது. எஸ்டேட்டை நடத்தும் துரை தோண்டுவதை நிறுத்தச் சொன்னார். சிலர் கிடைத்தார்கள். சிலர் கிடைக்கவில்லை. ரோசம்மா கிடைக்கவில்லை.

மிஞ்சியவர்களை அடுத்த மலையில் வேறு லயனுக்கு மாற்றினார்கள். நான் பங்களாவைப் பூட்டிக்கொண்டு பாலக்காடு போய்ச் சேர்ந்தேன். ஒரு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

புல் போட்டோம்

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். லயன் இருந்த இடத்தில் நின்றார். கிழக்கே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

முன்பு அங்கே மரங்களும் லயனும் மறைத்துக்கொண்டிருந்தன. இப்போது ஒன்றுமில்லை. போடிப் பக்கத்துச் சமவெளி முழுக்கக் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. வயல், குளம், கோயில் கோபுரம், புகைவிட்டுப் போகிற ரயில். இவ்வளவு அழகான ஓர் இடத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"முந்தி இங்க என்னடா காட்சி இருந்துச்சு? இப்பப் பாரு" என்றார் மச்சான்.

"மச்சான், இதுக்குக் கீழ ஆளுக கெடக்குறாங்க."

"தெரியும். எடுக்க முடியாம கெடக்குறாங்க. அதுக்கு நாம என்ன செய்ய? இந்த சீசன் கூட்டம் வரலேன்னா குத்தகைய விட்டுற வேண்டியதுதான். நீயும் கடைக்கு வந்து மறுபடி துணி கிழி."

எனக்குக் கடைக்குப் போக இஷ்டமில்லை. அவ்வளவுதான் காரணம். இப்போது எழுதும்போது பெரிய காரணமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போடியில் இருந்து கூலியாட்களைக் கூட்டி வந்து மேட்டைச் சமன் செய்தோம். புல் பதித்தோம். ஊஞ்சல் கட்டினோம். சமவெளியைப் பார்த்தாற்போல் பலா மரப் பெஞ்சு ஒன்றைப் போட்டோம். நீட்டிக்கொண்டிருந்த அந்தத் துருப்பிடித்த குழாய் கண்ணை உறுத்தியது. குழந்தைகள் காலை இடித்துக்கொள்ளும் என்று நானே நின்று பிடுங்க வைத்தேன். தயாராகக் குழி இருந்ததால் 'காட்சி முனை' என்று பெயின்ட் அடித்த பலகையை அதே குழியில் நட்டேன். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது நாள் குறிப்பது. எருத்தேன்பதியில் சின்னச்சாமிக் கவுண்டர் என்று ஒரு பெரிய விவசாயி. அவர் வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் சித்தூர் தாலுகா முழுக்க அந்தப் பேச்சு பரவும். கவுண்டர் வீட்டுத் தீபாவளியைப் பார்த்தேன். எங்கள் பிறையைப் பார்த்தேன். தீபாவளி கழிந்து நாலாம் நாள் என்று முடிவு செய்து கடிதம் போட்டேன். வேதக்காரர்களுக்கு என்ன நாள் என்று நான் பார்க்கவில்லை. நாலு வருஷம் அவர்கள் பக்கத்தில் இருந்தவன், கிறிஸ்துமஸ் ஒன்றைத் தவிர அவர்களுடைய எந்த நாளையும் தெரிந்து வைத்திருக்கவில்லை.

நான் குறித்த நாள் கல்லறைத் திருநாள். செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். தெரிந்திருந்தாலும், எல்லோரும் மாதாகோவில் கல்லறைக்குத்தான் போவார்கள் என்று நினைத்திருப்பேன். உடலே கிடைக்காதவர்களுக்கு எங்கே போய் ஏற்றுவார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது.

கறுப்புப் பாறை

கவுண்டர் வீட்டார் மத்தியானம் ஒரு வேனிலும் ஒரு காரிலும் வந்து இறங்கினார்கள். பதினாலு பேர். மச்சானும் கூடவே வந்திருந்தார். இறங்கியதும் எல்லோரும் வாயால் புகை விட்டார்கள். கவுண்டரம்மா பழனியம்மாள்கூட வாயை மூடியிருந்த முந்தானையை விலக்கிக்கொண்டு ஒருதரம் ஊதிப் பார்த்தார்.

கவுண்டர் புல்தரையில் நடந்தார். பலகையைப் படித்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, நெம்ப நல்லா இருக்குதுங்க. ஊட்டுல எல்லாரும் பயந்தாங்க. போன வருசம் இங்கெங்கியோ மல சரிஞ்சு ஆளுக போயிட்டாங்கன்னு சொன்னாங்களே, அது எந்த எடமுங்க?"

மச்சான் இருமினார். தெற்கே ரொம்பத் தூரத்தில் மேகத்துக்குள் ஒரு கறுப்புப் பாறை தெரிந்தது.

"அதுங்களா? அது அங்கே. அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினேன்.

"அவ்வளவு தூரமா?"

"ஆமாங்க."

கவுண்டர் நிம்மதியாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை வைத்தார். நான் பஜ்ஜி போடச் சொல்லச் சமையலறைக்குப் போனேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, பாதையில் அவர்கள் ஏறி வந்தார்கள்.

தேடினார்கள்

வந்தவர்கள் புல்தரையின் ஓரத்தில் நின்றார்கள். முன்னால் சிலுவையோடு வந்தவர் அவர்களுடைய உபதேசியார், பாதிரியார் வராத நாளில் ஜெபம் சொல்கிறவர். அவர் ஊஞ்சலைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறவரைப்போல் சுற்றிலும் பார்த்தார்.

பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாகக் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். காலால் புல்லை விலக்கினார்கள். ஒருவர் மண்டியிட்டுக் கையால் தடவினார். கவுண்டர் வீட்டுக் குழந்தைகள் ஊஞ்சலை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"எதையாவது தொலச்சிட்டாங்களா?" என்றார் பழனியம்மாள்.

மச்சான் முந்திக்கொண்டார். "எஸ்டேட்டு ஆளுகம்மா. ஏதோ பிரார்த்தன. இப்பப் போயிருவாங்க." சொல்லிவிட்டு என் காதருகே வந்தார். "நீ வாயத் தொறக்காதே. புரியுதா?"

மரியபுஷ்பம் நேராக என்னிடம் வந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள்.

"சின்ன ராவுத்தரே, இங்கன எங்க லயன் பைப்பு நின்னுது. பாத்தீயளா?"

"பைப்பா?"

"ஆமா. போன திருநாளுக்கு வந்தப்ப நின்னுதுலா. அதுல இருந்துதான் காலால அளக்கணும். வீட்டுக்கு நாலு எட்டு. எங்க வீடு மூணாம் நம்பரு. பைப்புல இருந்து பத்து எட்டு வச்சா என் மக படுத்திருந்த எடம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. லயனில் எல்லா வீடும் ஒரே அகலம். குழாயில் இருந்து எட்டு வைத்தால் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சிலுவை கிடையாது, கல் கிடையாது, பெயர் கிடையாது. அத்தனை பேருக்கும் சேர்த்து அடையாளமாக நின்றது அந்த ஒரு குழாய். அதை நான் பிடுங்கிக் கொட்டகையில் எறிந்திருந்தேன்.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியலியே" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். மறுபடி குனிந்து தேடினாள். கீழே பள்ளத்தில் இருந்து மூடுபனி ஏற ஆரம்பித்துவிட்டது. இன்னும் கால்மணியில் எதிரே நிற்கிற ஆள்கூடத் தெரியாது. அவர்களும் அந்த மலைக்காரர்கள்தானே, அவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. வேகவேகமாகத் தேடினார்கள். பலகையைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பலகையடியில் ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் உபதேசியார் நிமிர்ந்தார்.

"நேரமாகுது. எல்லாரும் சேந்து ஒரே எடத்துல வச்சிருவோம். யாரு எங்கன இருக்காகன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். மரியபுஷ்பம் ஆட்டவில்லை.

"ஆண்டவருக்குத் தெரியும், உபதேசியாரே. எனக்குத் தெரியணும்லா."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் விரல் நகங்களைப் பார்த்தேன். இரண்டு நாள் சேற்றை வாரியதில் பிய்ந்துபோன நகங்கள் கோணலாக வளர்ந்திருந்தன.

என் கால் தானாக நடந்தது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு அடியையும் நான்தான் வைத்தேன், மச்சானின் பார்வை முதுகில் குத்திக்கொண்டே வந்தது. போய்ப் பலகையில் கை வைத்தேன்.

"பைப்பு இங்கதான் நின்னுது. நான்தான் பிடுங்கினேன். அந்தக் குழியிலதான் இத நட்டிருக்கேன்."

பத்து எட்டு

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வரிசையாகப் பலகையடிக்கு வந்தார்கள். கிழக்கே திரும்பி, ஒவ்வொருவராக வாய்க்குள் எண்ணிக்கொண்டு எட்டு வைத்தார்கள். இரண்டு. ஆறு. பதினாலு. நின்ற இடத்தில் புல்லைக் கிள்ளி மண்ணைத் திறந்து வத்தியை ஊன்றினார்கள்.

மரியபுஷ்பம் கடைசியாக வந்தாள். அவள் மட்டும் வாய்விட்டு எண்ணினாள். ஒன்பதில் நின்றுவிட்டாள். பத்தாவது எட்டு வைக்க இடமில்லை. அங்கே பலா மரப் பெஞ்சு, அதில் பழனியம்மாள், மடியில் பஜ்ஜித் தட்டு.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனியம்மாள் பெஞ்சைப் பார்த்தார். தன் காலடியைப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆருங்க?" என்று கேட்டார்.

"என் மக. ரோசம்மா."

பழனியம்மாள் குனிந்து பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். நான் ஓடிப்போய் இன்னொரு முனையைப் பிடித்தேன். நானும் அந்த அம்மாவுமாக அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பங்களாச் சுவரோரம் போட்டோம். நடக்கும்போது அவர் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்துப் பார்த்து வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மரியபுஷ்பம் பத்தாவது எட்டை வைத்தாள். உட்கார்ந்தாள்.

கவுண்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்தரையை விட்டு வெளியே வந்தார். டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னார். மச்சான் பின்னாலேயே ஓடி ஏதேதோ சொன்னார். கவுண்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம்தான் பேசினார்.

"மல சரிஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அதுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. மொகத்தப் பாத்துக் கேட்டனுங்களே. அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்னு கையக் காட்டுனீங்களே. அதுதானுங்க."

மூடுபனி மேலே வருவதற்குள் வண்டிகள் கீழே போய்விட்டன. மச்சான் மறுநாள் காலையில், "சாவிய எடுத்துக்கிட்டு ஊருக்கு வா" என்று மட்டும் சொன்னார்.

எந்த இடமுங்க?

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் ஒரு யோக்கியன் என்று உங்களிடம் பெயர் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

கவுண்டர் பேசுவார் என்று கணக்குப் போட்டோம் அல்லவா, பேசினார். போகிற கல்யாணத்தில் எல்லாம், சந்தையில் எல்லாம், ராவுத்தர்கள் பிணத்தின்மேல் உட்கார வைத்து டீ கொடுத்த கதையைச் சொன்னார். சொன்ன விதம் கோபம்தான். ஆனால் கேட்டவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. அந்தக் கோடைக்கு எங்கள் ஜவுளிக்கடைக்கு ஆள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பங்களா திறப்பீர்களா? அந்த இடத்தைப் பார்க்கலாமா?

மச்சான் என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நான் போனதும் முதலில் பலகையைப் பிடுங்கினேன். கொட்டகையில் கிடந்த குழாயைத் தேடி எடுத்து, அதே குழியில் நட்டு, சுற்றிலும் சிமென்ட் வைத்தேன். ஊஞ்சலை அவிழ்த்தேன். அங்கே யாரும் போகாதபடி முள்வேலி போட்டுச் செம்பருத்திக் கன்றுகளை நட்டேன்.

ஒரு வாரத்தில் மரியபுஷ்பம் வந்து நின்றாள். சமையலறையில் வேலை கேட்டாள்.

"அங்கன கொழுந்து எடுக்குறதுல என்ன கொறச்சல்?" என்றேன்.

"ஒரு கொறச்சலும் இல்ல. இங்கன இருந்தா தெனம் ஒரு தடவ பாத்துக்கிடலாம்லா."

கூட்டம் வந்தது. முன்பு வந்ததைவிட அதிகமாக வந்தது. பங்களா பிழைத்துக்கொண்டது. அதற்கு என்ன காரணம் என்று தெரிந்தே நான் இலை போட்டேன், டீ கொடுத்தேன். வந்தவர்கள் இப்போதெல்லாம் வாயால் புகை விடுவதற்கு முன்னால் இன்னொன்று செய்தார்கள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

முதல் நாள் கேட்டவர் பொள்ளாச்சிக்காரர். கழுத்தில் கேமரா. வராந்தாவில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டே, கொடுத்தவளிடமே கேட்டார்.

"ஏம்மா, நீ இந்த எஸ்டேட்டுதானே? அந்த லயன் பொதஞ்சது எந்த எடம்? ஒரு போட்டோ எடுக்கோணும்."

நான் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தேன். வேலிக்குள் குழாய் நிற்பது வராந்தாவில் இருந்து நன்றாகத் தெரியும். அதன் பக்கத்தில் காலையில்தான் அவள் ஒரு செவ்வந்தியை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

மரியபுஷ்பம் நிதானமாகத் தெற்கே திரும்பினாள். மேகத்துக்குள் கறுப்பாகத் தெரிந்த பாறையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அது இங்கன இல்ல அய்யா. அங்கன, அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்."

பொள்ளாச்சிக்காரர் நம்பாமல் என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க. ரொம்பத் தூரம்" என்றேன்.